வழக்கு மன்றமும் மனித உள்ளமும்

வக்கீல் தொழில் நாவின் தொழில் என்பது பலரது எண்ணம். சொற்போர்க் கழகத்தில் தடையின்றிப் பேசும் மாணவர் ஒருவரைக் கண்டால், “இவர் சட்டம் படிக்கத் தக்கவர்” என்று ஆசிரியரும் பெற்றோரும் கூறுவதை நாம் அடிக்கடி கேட்கின்றோம். இவ்வெண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஓரளவு ஆபத்தும் உண்டு. உண்மை யாதெனில், வழக்கு மன்றத்தில் தீர்ப்பளிப்போர் மனிதரே. மனிதர் உள்ளம் சொல்லால் அசையும். ஆபத்து யாதெனில், அசைந்த உள்ளம் எப்பொழுதும் உண்மையின் பக்கமே சாயும் என்பதற்கு உறுதி இல்லை. ஒருவருடைய பொருளும் மானமும், சில வேளைகளில் உயிருமே அச்சாய்வைப் பொறுத்து நிற்கின்றன. ஆகவே, வழக்கு மன்றத்தில் சொல் எவ்வாறு உள்ளத்தை அசைக்கின்றது, எவ்வளவில் நின்றால் அஃது அறத்தோடு பொருந்தும் என்னும் இரண்டையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

காவிரியின் இக்கரையில் குமாரபாளையமும் அக்கரையில் பவானியும் அமைந்துள்ளன. நம்மில் பலர் தறியோசையைக் கேட்டே வளர்ந்தவர். நெசவாளர் முதலில் பாவைத் தறியில் ஏற்றுவர். பிறகே நாடா ஓடி ஊடையைக் கோக்கும். பாவு ஏற்றாத தறியில் நாடா எவ்வளவு விரைந்து ஓடினாலும் துணி விளையாது. நூல்தான் சிக்குண்டு கிடக்கும். வழக்கிற்குச் சான்றே பாவு. வக்கீலின் பேச்சு ஊடை. இவ்வுவமையை மனத்திற்கொண்டு மேற்செல்வோம்.

சிலம்பில் இரண்டு வாதங்கள்

உள்ளத்தைச் சொல்லால் வயப்படுத்தும் கலைக்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் அயல்நாடு செல்லவேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்திலேயே இரண்டு வாதங்கள் எதிரெதிரே வைக்கப்பட்டுள்ளன. ஒன்று பொற்கொல்லனுடையது, மற்றொன்று கண்ணகியினுடையது.

பொற்கொல்லன் தான் திருடிய சிலம்பின் பழியைக் கோவலன்மேல் ஏற்றினான். பாண்டியன், ஊடல் கொண்டு சென்ற தேவியைத் தேற்ற அவளுடைய அரண்மனை நோக்கிப் போகும் வேளையில் அவன் எதிர்ப்பட்டுத் தன் செய்தியைச் சொன்னான். கேட்போன் மனம் வேறொன்றில் அழுந்தியிருக்கும் நேரம் பார்த்துச் சொல்லப்பட்ட சொல் அது. ஆராய்வதற்குரிய பொறுமை அரசனிடம் அப்பொழுது இல்லை. காவலரோ கோவலனைக் கண்டதும், இவன் முகத்தில் கள்வன் குறி இல்லையே என்று தயங்கினர். அத்தயக்கத்தைப் பொற்கொல்லன் சான்று காட்டி நீக்கினானா? இல்லை. அவன் சிரித்தான். களவு நூல் கற்றவன்போல், மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குரிய துணை எட்டினையும் ஒவ்வொன்றாக விரித்துரைத்தான். பழைய திருட்டுக் கதையொன்றையும் சேர்த்துக் கொண்டான். அதனைக் கேட்ட காவலன் ஒருவன், தானும் மழையிரவில் கள்வனிடம் வாளைப் பறிகொடுத்த கதையைக் கூறினான். அச்சம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவிற்று. முடிவில் கல்லாத ஒருவனுடைய வாள் கோவலன்மேல் பாய்ந்தது.

இங்கு நாம் காணவேண்டுவது ஒன்றுண்டு. பொற்கொல்லன் கள்வர் இயல்பைப் பற்றிக் கூறியவற்றை யாரும் மறுக்கவில்லை. ஆயின், கோவலன் கள்வன் என்பதற்கு அவற்றுள் ஒன்றேனும் சான்றாகாது. பொதுவான உண்மைகளை அடுக்கி, அவற்றின் நிழலில் ஒரு தனிப் பொய்யை மறைத்தான். இன்றும் வழக்கு மன்றங்களில் இம்முறை மறையவில்லை.

இனிக் கண்ணகியின் வாதத்தைக் காண்போம். விரிந்த கூந்தலும், கண்ணீரும், கையில் ஒற்றைச் சிலம்புமாக அவள் அவையிற் புகுந்தாள். புறாவுக்காகத் தன் உடலை ஈந்த மன்னனும், பசுவுக்காகத் தன் மகனை இழந்த மன்னனும் ஆண்ட ஊரே தன் ஊர் என்றாள். கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், கேட்போரை இசைவிக்கும் வழிகள் மூன்று என வகுத்தார்: சொல்வோனுடைய பண்பு, கேட்போனுடைய உணர்ச்சி, சொல்லும் பொருளின் ஆற்றல் என்பன அவை. கண்ணகியின் ஊர்ப்பெருமை முதலாவதைச் சாரும். அவளுடைய துயரக்கோலம் இரண்டாவதைச் சாரும். ஆயினும் இவ்விரண்டும் அரசனை அசைத்தனவா? இல்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்றே அவன் விடையிறுத்தான்.

அதன் பின்னரே அவள் மூன்றாவது வழியை மேற்கொண்டாள். தன் சிலம்பின் உள்ளீடு மாணிக்கம் என்றாள். தம்முடையது முத்து என்றான் அரசன். அந்தக் கணத்திலேயே வழக்கு முடிந்துவிட்டது எனலாம். ஏனெனில், இரண்டு கூற்றுக்களும் ஒருங்கே உண்மையாக இருக்க இயலாத ஓரிடம் கிடைத்துவிட்டது; எதிர்த்தரப்பும் தன் கூற்றைப் பலரறியச் சொல்லிவிட்டது. சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது. கண்ணீர் அவளுக்கு அவையில் இடம் பெற்றுத் தந்தது. தீர்ப்பைப் பெற்றுத் தந்தது சிலம்பே.

ஆட்சி, ஆவணம், சாட்சி

பெரிய புராணத்திலும் ஒரு வழக்கு விசாரணை உண்டு. திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் புகுந்து, சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டுகின்றார். சுந்தரர் சினந்து அவ்வோலையைக் கிழித்தெறிகின்றார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. அவையோர் முதியவரின் தோற்றத்திற்கு இரங்கவில்லை. இளைஞரின் சினத்திற்கு அஞ்சவுமில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூன்றனுள் ஒன்றேனும் காட்டுக என்கின்றனர். கிழிக்கப்பட்டது படியோலையே என்று கூறி, முதியவர் மூல ஓலையை எடுத்து நீட்டுகின்றார். அவையோர் அதனை அவ்வளவில் ஏற்றுக்கொள்ளவில்லை. சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர்.

மூலத்திற்கும் படிக்கும் உள்ள வேறுபாடு, கையெழுத்தை ஒப்பிடும் முறை ஆகியவை பிற்காலத்தில் 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்திலும் இடம்பெற்றன. அச்சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்னும் ஆங்கிலேயர். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வழக்கிலிருந்த அச்சட்டத்தின் இடத்தில், 2023-இல் இயற்றப்பட்ட பாரதீய சாட்சிய அதிநியமம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறினும், உணர்ச்சியை ஒதுக்கிச் சான்றைக் கேட்கும் அவ்வவையின் நெறி மாறவில்லை.

நினைவு என்னும் ஏடு

சாட்சி சொல்லுவோர் இருவகையினர் என்று பாமரர் எண்ணுவர்: மெய் சொல்வோர், பொய் சொல்வோர் என. உளநூல் மூன்றாம் வகையினரையும் காட்டுகின்றது. அவர்கள் மெய் சொல்ல விரும்பியும் தவறு சொல்லுவோர். 1908-ஆம் ஆண்டிலேயே ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க் என்னும் பேராசிரியர் இதுபற்றித் தனி நூல் எழுதினார். அதனைச் சோதனையால் தெளிவுறக் காட்டியவர் எலிசபெத் லாப்டஸ் அம்மையார்.

1974-இல் அவரும் ஜான் பால்மரும் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. மாணவர்க்கு மோட்டார் வண்டிகள் மோதும் படங்களைக் காட்டினர். பிறகு, வண்டிகள் என்ன வேகத்தில் சென்றன என்று வினவினர். வினாவில் ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றினர். வண்டிகள் ஒன்றையொன்று “தொட்டபோது” என்று கேட்கப்பட்டோர் சொன்ன வேகம் சராசரியாக மணிக்கு 32 மைலுக்குச் சற்றுக் குறைவு. “மோதி நொறுங்கியபோது” என்று கேட்கப்பட்டோர் சொன்னதோ 40 மைலுக்குச் சற்று மேல். மற்றொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆயினும், “நொறுங்கியபோது” என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர், பார்த்தோம் என்றனர். “மோதியபோது” என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் அவ்வாறு சொன்னவர் 7 பேரே. இவர்களுள் எவரும் பொய் சொல்லவில்லை. நினைவு கல்வெட்டன்று, மெழுகுபோல் பிறர் விரல் படும் இடத்தில் குழிவது.

இதனை நம்மூர் வழக்கொன்றில் வைத்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டிற்காக நாமே அமைத்துக்கொண்ட வழக்கு இது. தறிப் பட்டறை முதலாளி ஒருவர், தம்மிடம் வேலை செய்த நெசவாளருக்கு இருபதாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்ததாகக் கூறுகின்றார். நெசவாளரோ, தாம் பெற்றது பன்னிரண்டாயிரமே என்கின்றார். அப்பட்டறையில் தார் சுற்றும் மூதாட்டி ஒருவர் சாட்சி. முதலாளியின் வக்கீல் எழுந்து, “அம்மா, முதலாளி இருபதாயிரத்தைக் கொடுத்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்ததா?” என்று கேட்கின்றார். விளக்கு எரிந்தது உண்மை. ஆதலின் மூதாட்டி, “ஆமாங்க” என்கின்றார். அவ்வொரு விடையில் இருபதாயிரமும் சேர்ந்து பதிவாகிவிடுகின்றது. அவரிடம் யாரும் தொகையைக் கேட்கவே இல்லை. ஆயினும் தொகையைச் சொல்லியவர் அவரே ஆகிவிடுகின்றார். இன்னும் கொடுமை யாதெனில், வீடு திரும்பிய பின் அவரது நினைவிலேயே அத்தொகை குடிபுகுந்துவிடக் கூடும்.

இதனாலன்றோ, தன் சாட்சியிடம் விடையை உள்ளடக்கிய வினாவைக் கேட்கலாகாது என்று சட்டம் தடுக்கின்றது. எதிரியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது மட்டும் அத்தகைய வினாவிற்கு இடம் தருகின்றது. “அன்று என்ன நடந்ததென்று சொல்லுங்கள், அம்மா” என்னும் திறந்த வினாவே நினைவைக் கலைக்காமல் வெளிக்கொணரும். நெசவாளர் தரப்பு வக்கீல் விழிப்புடையவராயின், “ஐயா, தொகையைச் சாட்சி இன்னும் சொல்லவில்லை” என்று உடனே எழுந்து தடுப்பார். அச்சிறு தடையே ஒரு குடும்பத்தின் பல மாதக் கூலியைக் காக்கும்.

கதையின் வலிமை

மனிதர் செய்திகளைத் தனித்தனியாக எடை போடுவதில்லை. அவற்றைக் கதையாகக் கோத்தே விளங்கிக்கொள்கின்றனர். நான்சி பென்னிங்டன், ரீட் ஹேஸ்டி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கொலை வழக்கின் சான்றுகளைப் பலரிடம் அளித்துத் தீர்ப்புக் கேட்டனர். குற்றம் சாட்டும் தரப்பின் சான்றுகள் நிகழ்ச்சி வரிசையில் கதையாகவும், எதிர்த்தரப்பின் சான்றுகள் சாட்சிகள் வந்த வரிசையில் சிதறியும் இருந்தபோது, 100-க்கு 78 பேர் குற்றவாளி என்றனர். வரிசையை மட்டும் மாற்றி எதிர்த்தரப்பினதைக் கதையாக அமைத்தபோது, அவ்வாறு சொன்னவர் 100-க்கு 31 பேரே. சான்று ஒன்றே; கோத்த முறைதான் வேறு.

கதையின் இவ்வலிமையை நம் நாட்டு வழக்கொன்று நன்கு விளக்கும். 1908-இல் தொடங்கிய அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரசாங்கத் தரப்பில் வாதாடியவர், சென்னையில் புகழ்பெற்ற பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன். சாட்சிகள் இருநூற்றுக்கு மேற்பட்டோர். அரவிந்தரே அச்சதியின் தலைமைச் சூத்திரதாரி என்று காட்ட நார்ட்டன் முனைந்தார். கூண்டில் அமர்ந்து அதனைக் கேட்ட அரவிந்தர், தம் சிறை வாழ்வைப் பற்றி வங்காளத்தில் எழுதிய நூலில், நார்ட்டனை ஷேக்ஸ்பியரோடு ஒப்பிட்டு நகையாடியுள்ளார். சிதறிக் கிடந்த துணுக்குகளை எடுத்துத் தம் கற்பனையால் இடைவெளிகளை நிரப்பி அவர் ஒரு நாடகமே சமைத்தார் என்பது அந்நகையின் பொருள். எதிர்வாதம் செய்த சித்தரஞ்சன் தாஸ் அந்நாடகத்தின் இடைவெளிகளையே தேடித் தேடிக் காட்டினார். 1909 மே மாதத்தில் நீதிபதி பீச்கிராப்ட் அரவிந்தரை விடுதலை செய்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அரவிந்தர் புதுச்சேரி வந்து சேர்ந்ததை நாம் அறிவோம்.

கதை சொல்வது குற்றமா? அன்று. சான்றுகளை வரிசைப்படுத்தாத வக்கீல் மன்றத்திற்கு உதவி செய்தவராகார். ஆனால், நூல் அறுந்த இடத்தில் நூலால் முடிச்சிட வேண்டுமேயன்றி, நாவால் முடிச்சிடலாகாது. கேட்போரும் ஒன்று பழகவேண்டும். கதை இனிமையாக ஓடும் இடத்திலேயே நின்று, “இதற்குச் சான்று எங்கே?” என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டும்.

ஒரே சான்றும் இரண்டு தீர்ப்பும்

வங்காளம் வரை போவானேன்? நம் சேலத்திலேயே 1882-இல் நிகழ்ந்த கலகத்தைத் தூண்டியவர் என்று, நகரசபை உறுப்பினராயிருந்த விஜயராகவாச்சாரியார்மேல் குற்றம் சாட்டப்பட்டது. பத்தாண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. அவர் மேல் மன்றத்தில் போராடித் தாம் குற்றமற்றவர் என்று நிலைநாட்டினார். அத்தீர்ப்புத் திருத்தப்பெறாமல் நின்றிருக்குமாயின், 1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரசு மகாசபை அவரைத் தலைவராகப் பெற்றிராது.

அடுத்து, தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்ட வழக்கு ஒன்றை நினைவு கூர்வோம். 1944 நவம்பர் 8-ஆம் நாள் சென்னை வேப்பேரியில், ‘இந்து நேசன்’ என்னும் பத்திரிகையை நடத்திய லட்சுமிகாந்தன் கத்தியால் குத்துண்டு மறுநாள் மாண்டார். புகழின் உச்சியிலிருந்த நடிகர்களான தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் அக்கொலைச் சதியில் பங்குகொண்டவர் எனக் கைது செய்யப்பட்டனர். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ படம் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. வழக்கு ஒன்பது ஜூரிகள் முன் நடந்தது. 1945 மே மாதத்தில் ஆறு பேர் குற்றவாளி என்றும், மூவர் அல்லர் என்றும் கூறினர். இருவர்க்கும் தீவாந்தர ஆயுள் தண்டனை கிடைத்தது. உயர்நீதிமன்றத்தில் செய்த முறையீடும் பயன்தரவில்லை. பின்னர் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் ஆராயுமாறு சென்னைக்குத் திருப்பியனுப்பிற்று. எதிராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

இரண்டாண்டுக்கு மேற்பட்ட சிறைவாசத்தை அவ்விருவர்க்கும் யார் திருப்பித் தர இயலும்? பாகவதர் பழைய புகழை மறுபடியும் எய்தவே இல்லை. ஒரே சான்றுகள், எடை போட்ட உள்ளங்கள் வேறு. ஒன்பது பேரில் ஆறு பேர் நம்பியதை, ஏடுகளை மீண்டும் புரட்டிப் பார்த்த நீதிபதிகள் நம்பவில்லை.

இதற்கு எதிரான திசையிலும் ஜூரிகள் சாய்வதுண்டு. 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தம் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், ஜூரிகள் ஒருவர் நீங்கலாக எண்மரும் குற்றமற்றவர் என்றனர். பத்திரிகைகளும் பொதுமக்களின் இரக்கமும் அவர்பால் நின்றன. ஜூரிகளின் முடிவை ஏற்க மறுத்த நீதிபதி வழக்கை உயர்நீதிமன்றத்திற்கு அனுப்பினார். அங்கு அவர் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. 1961-இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஜூரிமுறையை நீக்கலாம் என்று சட்டக் கமிஷன் 1958-லேயே கூறியிருந்தது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அம்முறைக்கு இடமில்லாது போயிற்று.

ஜூரிகள் நீங்கினமையால் மனித உள்ளம் நீங்கிவிட்டது என்று கருதலாகாது. பாண்டியன் ஜூரியல்லன், நூல் கற்ற அரசன். அவனும் ஊடலால் கலங்கிய மனத்தோடு அரை நொடியில் ஆணையிட்டான். கற்றவர்க்கும் களைப்பு உண்டு, சினம் உண்டு, முன்முடிவு உண்டு. ஆகவேதான் மேல்முறையீடு என்னும் படிகளைச் சட்டம் அமைத்துள்ளது. அது நீதிபதிகளை இழிவு செய்வதன்று. உள்ளத்தின் இயல்பை ஒப்புக்கொள்வதே ஆம்.

முகக்குறியும் மொழிக்குறியும்

சாட்சியின் முகத்தைப் பார்த்தே பொய்யை அறியலாம் என்பது பழைய நம்பிக்கை. வியர்த்தால் பொய், தடுமாறினால் பொய், தலை குனிந்தால் பொய் என்பர். பல நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பாண்ட், டிபாலோ என்னும் அறிஞர் 2006-இல் வெளியிட்ட முடிவு நம்மைத் தலைகுனியச் செய்வது. நடையையும் பேச்சையும் மட்டும் கொண்டு மெய் பொய்யைத் தீர்மானிப்போர் 100-க்கு 54 முறையே சரியாகச் சொல்கின்றனர். காசைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே. அமெரிக்காவில், பிற்காலத்து மரபணுச் சோதனையால் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டோர் வழக்குகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஏறக்குறைய ஏழு வழக்குகளில், கண்ணாற் கண்டோம் என்று உறுதியாகச் சொன்னவர்கள் ஆளை மாற்றிச் சொல்லியிருந்தமை வெளிப்பட்டது. உறுதியான குரல் உண்மையின் முத்திரை ஆகாது.

நம் தார் சுற்றும் மூதாட்டியை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். வாழ்நாளில் முதன்முறை கூண்டேறுகின்றார். கறுப்பு அங்கிகளைக் கண்டு நா வறள்கின்றது. தேதியை அவர் ஆடி, ஆவணி என்றும், நோன்பிக்கு முன், நோன்பிக்குப் பின் என்றும் அறிவாரேயன்றி ஆங்கில மாதத்தால் அறியார். “பதினேழா, பதினெட்டா? சொல்லுங்கள்!” என்று வக்கீல் முழங்கினால் அவர் தடுமாறுவார். அத்தடுமாற்றம் அச்சத்தின் குறியேயன்றிப் பொய்யின் குறியன்று. பலமுறை மன்றம் ஏறிப் பழகியவரோ கூசாமல் நின்று பேசுவார். தோற்றத்தைக் கொண்டு எடை போடின், எளியவர் தோற்பர், பழகியவர் வெல்வர்.

1957-இல் உச்சநீதிமன்றம் வடிவேலு தேவர் எதிர் சென்னை அரசு என்னும் வழக்கில் இதற்கு நல்வழி காட்டிற்று. முத்துப்பேட்டையில் நிகழ்ந்த கொலை அது. கண்ணாற் கண்ட சான்று இறந்தவருடைய மனைவி ஒருவருடையதே. சாட்சிகளை முற்றும் நம்பத்தக்கவர், முற்றும் நம்பத்தகாதவர், இரண்டும் அல்லாதவர் என மூவகையாக அம்மன்றம் பிரித்தது. முதல் வகையாயின் ஒரே சாட்சி போதும். மூன்றாம் வகையாயின் வேறு சான்று துணை நிற்கவேண்டும். சாட்சிகளை எண்ணிப் பார்ப்பதன்று, நிறுத்துப் பார்ப்பதே முறை என்பது அதன் கருத்து. முகத்தைப் படிப்பதைக் காட்டிலும், சொல்லைப் பிற சான்றோடு ஒத்துப் பார்ப்பதே நிறுக்கும் வழி. மூதாட்டி சொன்னது கணக்கு நோட்டோடு பொருந்துகின்றதா, அன்றைய கூலிப் பட்டுவாடாவோடு பொருந்துகின்றதா என்று பார்க்கவேண்டும்.

குறுக்கு விசாரணை செய்வோர்க்குச் சட்டம் வரம்பும் விதித்துள்ளது. தக்க காரணமின்றிச் சாட்சியின் நடத்தையை மாசுபடுத்தும் வினாவைக் கேட்கலாகாது. அவமதிக்கவோ துன்புறுத்தவோ மட்டும் கேட்கும் வினாவை மன்றம் தடுக்கவேண்டும். இவ்வரம்பு ஏட்டில் இருப்பது போதாது. வக்கீலின் நாவிலும் இருக்கவேண்டும்.

மொழியும் ஒரு சான்று

வாதம் யாருக்காக நடைபெறுகின்றதோ அவர்க்கே விளங்காவிடின், அதனால் விளையும் தீர்ப்பில் அவர்க்கு நம்பிக்கை பிறவாது. மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், கட்சிக்காரர்க்குப் புரியாத ஆங்கிலத்தில் வாதாடும் வக்கீல்களைக் கடிந்துரைத்தார். நீதிபதியின் இருக்கையில் அமர்ந்து கண்டவருடைய சொல் அது. 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய ராஜகோபாலாச்சாரியார், பின்னாளில் தமிழில் எழுதிய நூல்களில், அருமையான பொருளையும் சிறு சிறு வாக்கியங்களால் விளக்கினார். மன்றத்திலும் ஏட்டிலும் தெளிவே இணக்கத்தின் முதற்படி என்பதற்கு அவருடைய நடை சான்று. விளங்காத பேச்சு கேட்போரை அச்சுறுத்தலாம், இசைவிக்காது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது ஒன்றே. உள்ளத்தை அசைக்கும் ஆற்றல் இருபுறமும் கூருடைய கத்தி. அது சான்றைக் காணச் செய்யப் பயன்படின் அறம். சான்றின் இடத்தில் தானே ஏறி அமரின் மறம். சட்டம் பயிலப் போகும் மாணவர், தாம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் பின்னே எந்தச் சான்று நிற்கின்றது என்று முந்தின இரவே எழுதிப் பார்ப்பாராக. தம் கட்சியின் இழை அறுந்த இடத்தை எதிரி காட்டும் முன் தாமே அறிவாராக. எளிய சாட்சியிடம் திறந்த வினாவையும் தாழ்ந்த குரலையும் கையாள்வாராக. சட்டம் பயிலாதவர்க்கும் இப்பாடம் வேண்டும். நம்மில் எவரும் ஒரு நாள் சாட்சிக் கூண்டில் நிற்க நேரலாம். ஊர்ப் பஞ்சாயத்தில் நடுவராக அமரவும் நேரலாம். திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் ஒருவரைப் பற்றிய பழியைக் கேட்டு, உள்ளத்துக்குள்ளே தீர்ப்பெழுதாத நாள் நமக்கு எது?

அவ்வேளைகளில் நாம் பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட காவலராய் நிற்கின்றோமா, மூல ஓலையைக் கேட்ட வெண்ணெய்நல்லூர் அவையினராய் நிற்கின்றோமா என்று எண்ணிப் பார்ப்பது நலம். பாவு உறுதியாயின், ஊடை எளிய நூலாயினும் துணி நிலைக்கும். இதனை நம் குமாரபாளையத்து நெசவாளர் எவரைக் கேட்பினும் கூறுவர்.